ஐந்தாம் வீட்டுக்குப் பதினாறு

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இந்த உறையை நீ பிரித்துப் படிக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிது. என் பணி ஓய்வு விழாவுக்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. உன் தெரு மருந்துக்கடைக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொன்னால் கடைக்காரர், "அவங்க போனுக்கு வரமாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க" என்கிறார். சமாதானம் பேச இதை எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

வீட்டுக் குழாய் கடிக்கிறது. ஈரக்கையோடு திருகைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்கிறது. முதலில் எனக்கு வயசானதன் கோளாறு என்று நினைத்தேன். போன வாரம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அவர்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கிறது, முடியும்வரை இங்கேதான் இருப்பாள். வந்த இரண்டாம் நாளே குளியலறையிலிருந்து, "அம்மா, குழாய் என்னைக் கடிக்குதும்மா" என்று கத்தினாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. குழந்தைக்கு இன்னும் உட்காரக்கூடத் தெரியாது. இப்போது பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்துக் கூடத்தில் வைத்துக் குளிப்பாட்டுகிறோம்.

எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "மெயினை அணைச்சும் குழாய்ல வருதுங்க. அப்போ உங்க வீட்டுல இல்ல. வீட்டுல இல்லாததை நான் எப்படி ரிப்பேர் பண்றது?" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மின் அலுவலகத்தில் தங்கள் லைன் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

எங்கள் வரிசை உனக்குத் தெரியும். மேட்டுத் தெருவில் ஒட்டி ஒட்டி ஆறு வீடு. ஒரே இரும்புக்குழாய் பின்சுவர் நெடுக, கொக்கிகளில், மண்ணில் படாமல் ஓடுகிறது. கீழே சந்தைத் தெருக் குழாயோடும் மேலே குன்றின் தண்ணீர்த் தொட்டியோடும் சேர்கிறது. ஆறு வீட்டு எர்த் கம்பியையும் அந்தக் குழாயில்தான் கட்டியிருக்கிறார்கள். என் வீடு கீழிருந்து மூன்றாவது.

டிரான்ஸ்பார்மர் தொழிற்சாலையின் சோதனை மேசையிலேயே வயசைக் கழித்தவள் நீ. கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

தங்கை


பிப்ரவரி 8

தங்கைக்கு,

வேறு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டாய் என்பதும் புரிகிறது.

உன் விழாவில் முடிவில்லாத மின்தடை வலையைப் பற்றிப் பேசினாய். நன்றாகத்தான் பேசினாய். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "ஒவ்வொரு முடிச்சிலும் விதி சரியாக இருந்தால் விடை ஒன்றே ஒன்றுதானா, முடிவிலியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?" நீ ஒலிபெருக்கியில், "எங்க அக்கா. ஃபேக்டரில இருந்தவங்க. அதை வீட்டுல பேசிக்கலாம்க்கா" என்றாய். முன்வரிசை சிரித்தது. நான் அந்தக் கணக்கைப் படித்தது யாருடைய வகுப்பிலும் இல்லை. நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஷிப்டு முடிந்த கையோடு, எண்ணெய் நாற்றத்தோடு படித்தேன். அன்றைக்கு உன் விழாவில் சாப்பிடாமலே பஸ் ஏறினேன். வாயால் சொன்னதை யாரும் மறுக்கலாம், எழுதினதை மறுக்க முடியாது. அதனால் எனக்குப் போன் கிடையாது. சொல்வதை எழுது.

இப்போது குழாய். என் கேள்வியைத்தான் அது கேட்கிறது.

முடிச்சு என்றால் கம்பிகள் சேருமிடம், உங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டுக் குழாயும் ஒன்று. ஒரு முடிச்சுக்குள் வந்த மின்னோட்டம் அத்தனையும் வெளியே போயாக வேண்டும். கம்பிகள் ஒரே மாதிரி இருந்தால், ஒரு முடிச்சின் வோல்ட் அதன் அண்டை முடிச்சுகளின் சராசரியாக இருக்கும். உங்கள் கணித மொழியில் ஹார்மோனிக் சார்பு. அண்டைகளின் சராசரியைவிட ஒரு முடிச்சு உயர்ந்து நின்றால் அங்கே ஊற்று இருக்கிறது, மின்சாரம் அங்கேதான் உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். உயராவிட்டால் அந்த முடிச்சின்மேல் குற்றமில்லை. வெளியிலிருந்து வருகிறது.

வோல்ட்மீட்டர் வாங்கு. எதிரிலிருக்கிற காலி மனையில் ஒரு இரும்புக்கம்பியை ஆழமாக அடித்து, அதிலிருந்து நீளமான வயரை இழு. ஆறு வீட்டுச் சமையலறைக் குழாயையும் ஒரே காலையில் அளந்து எழுது. ஆறையும்.

குழந்தையைக் குளிப்பாட்டும் வாளியின் கைப்பிடி இரும்பா என்று பார்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கைப்பிடி இரும்புதான். கழற்றிவிட்டேன்.

நீ சொன்னபடி மீட்டரும் வயருமாக வீடு வீடாகப் போனேன். நான்காம் வீட்டு அம்மாள், "என்ன டீச்சரம்மா, குழாய்க்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். "ஆமா, எத்தனை டிகிரின்னு பார்க்க வந்தேன்" என்றேன். அவள் வீட்டிலும் கடிக்கிறதாம். வேலைக்காரி பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு நின்றுவிட்டாளாம். "சம்பளம் கம்மின்னு நின்னுட்டான்னு நினைச்சேன், குழாயா?" என்று சிரித்தாள். அளந்து காட்டியதும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் வீட்டுக்காரரை உனக்கு நினைவிருக்கும். மனைவி போனபிறகு கேட்டில் பூட்டோடு வாழ்கிறவர், தெருவில் எல்லோரும் பூட்டுக்காரர் என்போமே. உள்ளே இருந்தபடியே, "என் வீட்டுக் குழாயை நீங்க எதுக்கு அளக்கணும்? உங்க மூக்கை நான் அளந்தேனா?" என்றார். காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் கொஞ்சமும் மந்தமில்லை.

கீழிருந்து மேலாக எண்கள்: 6, 9, 12, 15, 16, 17.

என் வீட்டு 12, பக்கத்து 9-க்கும் 15-க்கும் சரியான சராசரி. இரண்டாம் வீடும் அப்படியே. இத்தனை காலம் கரும்பலகையில் எழுதிய தேற்றத்தை என் சமையலறைக் குழாயில் பார்த்தபோது ஒரு நிமிஷம் பயமே மறந்துவிட்டது. உடனே பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது. மறுபடி பயம் வந்துவிட்டது.

என்ன செய்யட்டும்?

தங்கை


பிப்ரவரி 19

தங்கைக்கு,

பூட்டுக்காரரை எப்படி மசிய வைத்தாய்? பாராட்டுகிறேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எண்களை வரைந்து பார்த்தேன். நான்காம் வீட்டில் 15 இருக்கிறது. 12-க்கும் 16-க்கும் சராசரி 14. ஒரு வோல்ட் கூடுதல். அந்த அம்மாள் சிரிக்க வைத்ததில் உன் கை ஆடியிருக்கும். விடு.

மற்றபடி படம் பளிச்சென்று இருக்கிறது. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது, எங்கும் இறங்கவில்லை. நடுவில் எந்த வீடும் அண்டைகளுக்கு மேலே தலையைத் தூக்கவில்லை. ஆக ஆறு வீட்டிலும் ஊற்று இல்லை. நீ கேட்கலாம், ஊற்றே இல்லாமல் மின்னோட்டம் எப்படி என்று. நான் அன்றைக்குக் கேட்டதும் இதுதான். முடிவுள்ள வலையில் ஊற்று இல்லையென்றால் எல்லா முடிச்சும் ஒரே வோல்ட்டில் சும்மா கிடக்கும். முடிவில்லாத வலையில் அப்படியில்லை. உள்ளே எங்கும் ஊற்றில்லாமல், ஒவ்வொரு முடிச்சும் நல்ல பிள்ளையாக அண்டைகளின் சராசரியைக் காட்டிக்கொண்டு, மொத்த வலையும் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் வலையின் வெளி ஓரத்திலிருந்து, எல்லையிலிருந்து, வருகிறது. எல்லை கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் அது இல்லை என்று உங்கள் ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

உன் குழாய் தொட்டிக்கு அப்பால் எங்கே போகிறது, என்னென்ன பம்பு நிலையங்களைத் தொடுகிறது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. முடிவு தெரியாத வலை நமக்கு முடிவில்லாத வலைதான். அந்தக் குன்றுப் பக்கத்திலிருந்து ஏதோ இறங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லையைக் கையாள இரண்டு வழிதான் உண்டு. எல்லா முனைகளையும் ஒன்றாகக் கட்டி மண்ணோடு சேர்க்கலாம், அல்லது வெட்டி அந்தரத்தில் விடலாம். இரண்டும் இரண்டு வெவ்வேறு விடை தரும். தெரியாத எல்லையோடு உன்னைக் கட்டிவைக்க நான் சொல்லமாட்டேன். ஆறாம் வீட்டுக்கு மேலே குழாயில் ஒரு துண்டை அறுத்து எடுத்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய் போடச் சொல். தண்ணீர் வரும். மற்றது வராது.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

செய்தாகிவிட்டது. குழாய்க்காரர் நல்ல மனிதர். "இரும்பை எடுத்துட்டுப் பிளாஸ்டிக் போட்டா ஒழுகவே ஒழுகாதும்மா. அப்புறம் என் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?" என்று சொல்லிக்கொண்டே அரைமணியில் முடித்துவிட்டார். தெருவே நின்று பார்த்தது.

மறுநாள் அளந்தேன். 8, 12, 16, 20, 22, 24.

குறையவில்லை அக்கா. கூடியிருக்கிறது. என் வீட்டில் பன்னிரண்டு பதினாறாகிவிட்டது. நேற்று மகள் பால் காய்ச்சிய பாத்திரத்தை ஆறவைக்கக் கொண்டுபோனபோது அது குழாயில் பட்டது, அலறிக்கொண்டு பாத்திரத்தை விட்டாள். சூடான பால் அவள் காலில் கொட்டிவிட்டது. குழந்தை இன்னொரு கையில் இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டாள். எந்தக் கையை விடுவது என்று அவள் உடம்பு முடிவு செய்துகொண்டது, அவ்வளவுதான். இன்னொரு தரம் அது சரியாக முடிவு செய்யும் என்று நம்பி நான் எப்படி இருக்க முடியும்?

மேலே மறுபடி இரும்பையே போட்டுவிடட்டுமா? முன்பு கடித்த அளவாவது கடிக்கட்டும். மகள், "உங்க ரெண்டு பேர் பரிசோதனைக்கு என் பிள்ளைதான் கிடைச்சுதா?" என்று கேட்கிறாள்.

தங்கை


மார்ச் 6

தங்கைக்கு,

இரும்பை மறுபடி போடாதே. பாதி வேலையில் பயந்து திரும்புவது உன் சுபாவம். சைக்கிள் பழகும்போதும் அப்படித்தான்.

கூடியது ஏன் என்று சொல்கிறேன். எல்லை ஒன்றல்ல, இரண்டு. குன்றுப் பக்கம் ஒன்று, சந்தைப் பக்கம் ஒன்று. இரண்டும் எதிரெதிராக இழுத்து ஒன்றை ஒன்று கொஞ்சம் அடக்கி வைத்திருந்தன. மேல் எல்லையை வெட்டினோம், கீழ் எல்லை ஓங்கிவிட்டது. அது கூடினதே நான் சொன்னதற்குச் சாட்சி. எல்லையில் கைவைத்ததும் உள்ளே எல்லா எண்ணும் மாறிவிட்டதா இல்லையா? ஊற்று உள்ளே என்றால் எல்லையைத் தொட்டதற்கு அது ஏன் பதறவேண்டும்?

முதல் வீட்டுக்குக் கீழேயும் வெட்டு. அங்கேயும் பிளாஸ்டிக் போடு. வெளியுலகத்தோடு இந்த ஆறு வீட்டுக் குழாய்க்கு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம். அப்புறம் எங்கிருந்து வரும்?

மகளின் காலுக்கு மருந்து போட்டாயா? அவளிடம் சொல், பரிசோதனை இல்லை, கணக்கு. இதை நான் முப்பது வயதிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். பிசகாது.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

மருந்து போட்டேன். கொப்புளம் அடங்கிவிட்டது, அவள் கோபம் அடங்கவில்லை.

14-ஆம் தேதி காலையில் குழாய்க்காரர் வருகிறார். தெருவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. "டீச்சரம்மா சொன்னா சரியா இருக்கும்" என்கிறார்கள். இத்தனை வருஷம் அந்த வார்த்தையைக் கேட்கும்போது இனிக்கும். இந்த முறை இனிக்கவில்லை.

எண்களைப் பற்றி ஒன்று எழுத நினைத்தேன். அது கணக்கை மாற்றாது என்று பட்டது, விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் அளந்து எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. கணக்கை மாற்றாது என்று நீ எழுதாமல் விட்டது என்ன என்று யோசித்தேன். உன் இரண்டாவது வரிசை எண்களை எடுத்து வரைந்தேன். அதை முதலிலேயே வரைந்திருக்க வேண்டும். விடை கையிலிருக்கிறது என்று நினைத்தவள் படம் வரையமாட்டாள்.

மேலே வெட்டியபிறகு ஆறாம் வீட்டுக்கு ஒரே ஒரு அண்டைதான் உண்டு, ஐந்தாம் வீடு. ஒரே அண்டை என்றால் சராசரியும் அதேதான். ஆறாம் வீட்டில் 24 என்றால் ஐந்தாம் வீட்டிலும் 24 இருந்தாக வேண்டும். நீ 22 எழுதியிருக்கிறாய். 20-க்கும் 24-க்கும் நடுவிலுள்ள எண். முதல் வரிசையில் 16 எழுதியிருக்கிறாய். அதுவும் 15-க்கும் 17-க்கும் நடுவிலுள்ள எண்.

நீ ஐந்தாம் வீட்டை அளக்கவே இல்லை. அவர் கேட்டைத் திறக்கவில்லை. நீ சராசரி போட்டுவிட்டாய். தேற்றம் தெரியாத ஒருத்தி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பாள்.

24 என்று வைத்துப் பார். நான்காம் வீட்டுக் கணக்கு நேராகிவிடுகிறது. முதல் வரிசையில் 18 வை, நான் உன் கை ஆடியதாகச் சொன்ன அந்த ஒரு வோல்ட்டும் சரியாகிவிடுகிறது. இரண்டு வரிசையிலும் ஐந்தாம் வீடு மட்டும் அண்டைகளின் சராசரிக்கு மேலே நிற்கிறது. ஊற்று அங்கே. கீழ் எல்லையிலிருந்து வருவதாயிருந்தால், மேலே வெட்டியபிறகு ஆறு வீட்டிலும் ஒரே எண் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை நான் பார்க்கவில்லை.

மீட்டர் எவ்வளவு என்று சொல்லும். வருகிறதா போகிறதா என்று சொல்லாது. எல்லையிலிருந்து வருகிறது என்றேன். எல்லை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. போக இரண்டு வழி இருந்ததால்தான் முதலில் உன் வீட்டில் பன்னிரண்டோடு தப்பினீர்கள். ஒரு வழியை நான் அடைக்கச் சொன்னேன், ஏறியது. இன்னொன்றையும் அடைத்தால் போக்கிடமே இல்லை. ஆறு வீட்டுக் குழாயிலும் முழு மின்சாரம் ஏறி நிற்கும்.

இதைக் கண்டுபிடித்ததும் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரையாம்மா?" என்றார். "போன்" என்றேன். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். உன் மகள் எடுத்தாள். "யாரு?" என்றாள். "பெரியம்மா. உங்கம்மா எங்கே?" என்றேன். "கீழே குழாய்க்காரர்கூட நிக்கறாங்க. முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கறேன்" என்றாள். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "குழாயைத் தொடாதே. குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடு. அஞ்சாம் வீட்டுலதான் கோளாறுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன். போனைக் கீழே வைக்கவில்லை, எங்கேயோ போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வாளி நிறைந்து வழிகிற சத்தம்வரை கேட்டேன். கடைக்காரர் மெதுவாக என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

மறுபடி மறுபடி அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். சும்மா உட்கார எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

மகளும் குழந்தையும் நலம். தெருவில் மற்றவர்களும் நலம். ஐந்தாம் வீட்டுக்காரர் இறந்துவிட்டார்.

அவள் குழந்தையோடு செருப்பில்லாமல் ஓடிவந்து சொன்னபோது குழாய்க்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த 16-ஐ எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றதுகூட நினைவுக்கு வந்தது. அவர் கேட்டைத் தொடாமல் வெளியே நின்று கத்தினேன். உள்ளே குளியலறையிலிருந்து, "குளிக்கப் போறேன். அப்புறம் வாங்க" என்றார். "தண்ணியைத் தொடாதீங்க" என்றேன். "என்ன?" என்றார். "தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். "தண்ணி வேணும்னா உங்க வீட்டுல பிடிச்சுக்கோங்க" என்றார். அதற்குமேல் அவர் குரல் கேட்கவில்லை.

மின் அலுவலகத்திலிருந்து வந்து கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நான்காம் வீட்டுக்காரர் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். குளியலறையில் ஒரு பழைய வாட்டர் ஹீட்டர். பல மாதமாகவே அதன் உடம்பில் மின்சாரம் கசிந்து குழாய்க்கு வந்திருக்கிறது. அவருக்கும் கடித்திருக்கும். திருகில் துணி சுற்றி வைத்திருந்தார். ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டால் கேட்டைத் திறக்க வேண்டுமே.

அவர் மகன் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார். அதிகம் பேசாதவர். ஹீட்டர் பழுது என்று மின் அலுவலகத்தில் எழுதிவிட்டார்கள். குழாய்க்காரரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு, குழாயை ஏன் வெட்டினாய் என்று கேட்டிருக்கிறார்கள். "வேலை சொன்னாங்க, செஞ்சேன்" என்றாராம். யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. நாளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, ஹீட்டர் பழுது என்பது பொய்யில்லை. அது உண்மைதான். மகன் என்னிடம் வந்து, "அப்பாகிட்ட கடைசியாப் பேசினது நீங்கதானாமே" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். குழாயை வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளும் சொல்லவேண்டாம் என்கிறாள். நீயும் நானும் பேசாமல் இருந்தால் இது இப்படியே அடங்கிவிடும். போனவர் வரப்போவதில்லை.

ஹீட்டரைக் கழற்றிவிட்டு, வெட்டிய இரண்டு இடத்திலும் மறுபடி இரும்பையே போட்டுவிட்டார்கள். குழாய் இப்போது கடிக்கவில்லை. நேற்று எல்லா வீட்டிலும் அளந்தேன். எங்கும் பூஜ்யம். ஐந்தாம் வீட்டிலும் அளந்தேன். கேட்டு திறந்துதான் கிடக்கிறது.

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

ஹீட்டர் பழுது என்பது பொய்யில்லை என்கிறாய். பதினாறு என்று எழுதும்போதும் நீ பொய் எழுதுவதாக நினைக்கவில்லை. உன் கை ஆடியிருக்கும் என்று எழுதும்போது நானும் நினைக்கவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறோம். அந்த ஹீட்டர் பல மாதமாகப் பழுதாகத்தான் இருந்தது, அவர் பல மாதமாக உயிரோடுதான் இருந்தார். போக்கிடம் இருந்தவரை இருந்தார். அதை அடைத்தது ஹீட்டர் இல்லை.

கணக்கில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. எல்லையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே விடை சொல்லமுடியாது, அதை நான் விடமாட்டேன். ஆனால் எனக்கு எல்லை வேண்டியிருந்தது. உன் மேடையில் நான் கேட்டது சரி என்று உன் குழாயே சொல்லவேண்டும் என்று இருந்தது. அதனால் நீ எந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும் நான் எல்லை என்றுதான் எழுதியிருப்பேன். இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. நீ அளக்காதது உன்மேல், நான் வெட்டச் சொன்னது என்மேல். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பங்கு போடாதே.

குழாய்க்காரர் வாயைத் திறக்காமல் இருப்பது நன்றிக்கடனா, பயமா என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டு அடுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். காவல் நிலையத்தில் மூன்றாவது முறை கூப்பிடும்போது அவர் உள்ளேயே இருக்க நேரலாம். நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நான் இங்கே உட்கார்ந்திருப்பேன், அப்படித்தானே? முடியாது.

இந்தக் கடிதம் உனக்குச் சேரும் நாள் காலைப் பஸ்ஸில் வருகிறேன். முதலில் உன் வீட்டுக்கு வரமாட்டேன். ஐந்தாம் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் சொல்வேன், உங்கள் அப்பா ஹீட்டரால் சாகவில்லை, நான் சொல்லி என் தங்கை வெட்டவைத்ததால் செத்தார் என்று. பிறகு காவல் நிலையத்துக்குப் போவேன். உன் மகள் என்னைச் சபிப்பாள், சபிக்கட்டும். உன் தெருவில் இனி யாரும் உன்னை டீச்சரம்மா என்று கூப்பிடமாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று எழுதிப் பதில் போடாதே, அது வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். மருந்துக்கடைக்கும் போன் செய்யாதே, வரமாட்டேன்.

அந்தத் திறந்த கேட்டுக்குள் நான் நுழையும்போது நீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நிற்கலாம். எது என்று நான் சொல்லமாட்டேன்.

அக்கா